மண்ணில் முளைத்தவர்களும் கல்லைச் செதுக்கியவர்களும்

ஒரு ஊர் தன் பிறப்பைப் பற்றி என்ன கதை சொல்லிக்கொள்கிறது என்று கவனித்தால், அது யாரை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். உலகத்துக்கு ஜனநாயகத்தைத் தந்ததாகப் பள்ளிப் பாடங்கள் புகழும் ஏதென்ஸ் நகரத்துக்கும் இது பொருந்தும். ஏதென்ஸ்காரர்கள் தங்களைப் பற்றிச் சொன்ன கதை ஒன்று உண்டு. அதை ஏட்டில் எழுதியதோடு நிறுத்தாமல், அக்ரோபொலிஸ் குன்றின் மேல் பளிங்குக் கல்லிலும் செதுக்கி வைத்தார்கள். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்தும் உலகம் அந்தக் கல்லை அண்ணாந்து பார்க்கிறது. அந்தக் கல்லைச் செதுக்கியவர்கள் யார் என்று கேட்பவர்கள் குறைவு.

முதலில் கதையைப் பார்ப்போம்.

கைவினைக் கடவுளான ஹெபைஸ்டஸ், கன்னித் தெய்வமான அதீனாவை வன்புணர முயல்கிறான். அதீனா அவனைத் தள்ளிவிடுகிறாள். அவன் விந்து அவள் காலில் படுகிறது. அவள் அதைக் கம்பளித் துணியால் துடைத்துத் தரையில் எறிகிறாள். மண் கருவுறுகிறது. பூமித்தாய் கையா ஓர் ஆண் குழந்தையைப் பெற்று அதீனாவின் கையில் கொடுக்கிறாள். அவன்தான் எரிக்தோனியஸ். 'எரியோன்' என்றால் கம்பளி, 'க்தோன்' என்றால் மண் என்று பெயருக்கே விளக்கம் சொன்னார்கள். அதீனா குழந்தையை ஒரு கூடையில் வைத்து மூடி, கெக்ரோப்ஸ் அரசனின் மூன்று பெண்களிடம் ஒப்படைக்கிறாள். திறக்கக் கூடாது என்று கட்டளை. திறந்து பார்த்தவர்கள் பாம்பைக் கண்டு பித்துப்பிடித்துக் குன்றிலிருந்து குதித்துச் செத்தார்கள். முதல் அரசனாகச் சொல்லப்படும் கெக்ரோப்ஸும் இடுப்புக்குக் கீழே பாம்பு. அவனும் மண்ணிலிருந்து வந்தவன்தான். எரிக்தோனியஸோடு அடிக்கடி கலந்துவிடும் இன்னொரு பெயர் எரெக்தியஸ். மண் பெற்று அதீனா வளர்த்த பிள்ளை என்று ஹோமரின் இலியட் காப்பியமே அவனைச் சொல்கிறது.

இந்தக் கதைக்கு அவர்கள் வைத்த சொல் 'ஆட்டோக்தோன்'. தானாக அந்த மண்ணிலேயே தோன்றியவர் என்று பொருள் கொள்ளலாம். அந்தச் சொல்லுக்குத் தொடக்கத்தில் 'ஆதியிலிருந்து ஒரே இடத்தில் குடியிருப்பவர்' என்பதுதான் பொருள், மண்ணில் பிறந்தவர் என்ற பொருள் கி.மு. 5ஆம் நூற்றாண்டில்தான் அதில் ஏறியது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இது முக்கியமான மாற்றம். 'நாங்கள் இங்கேயே இருக்கிறோம்' என்பது ஒரு வரலாற்றுக் கூற்று. உண்மையா பொய்யா என்று சோதிக்கலாம். 'நாங்கள் இந்த மண்ணிலிருந்தே பிறந்தோம்' என்பது இரத்தத்தைப் பற்றிய கூற்று. அதைச் சோதிக்க முடியாது. மற்றவர்கள் எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் அதில் சேரவும் முடியாது.

கல்லில் ஏறிய கதை

கி.மு. 447இல் பார்த்தெனான் கோயில் வேலை தொடங்கியது. 438இல் உள்ளே தங்கமும் தந்தமும் பொதிந்த அதீனா சிலை நிறுவப்பட்டது. 432 வாக்கில் சிற்ப வேலையும் முடிந்தது. கிழக்கு முகப்பின் முக்கோணத்தில் அதீனாவின் பிறப்பு. தாயின் வயிற்றிலிருந்து வராமல் தந்தை சியூஸின் தலையிலிருந்து வந்தவள் அவள். மேற்கு முக்கோணத்தில் இந்த நாடு யாருக்கு என்று அதீனாவும் கடல் தெய்வம் போசைடனும் போட்டியிடும் காட்சி. அதன் ஓரத்தில் பாம்புச் சுருளோடு ஒருவர் அமர்ந்திருக்கிறார், ஒரு பெண் அவர் தோளைப் பற்றியிருக்கிறாள். கெக்ரோப்ஸும் அவர் மகளும் என்று அடையாளம் காண்கிறார்கள். மண்ணின் மைந்தர்கள் முன்னிலையில் தெய்வங்களே போட்டியிட்டன என்பதுதான் காட்சியின் பொருள்.

கூரைக்குக் கீழே சுற்றிலும் 92 சதுரப் பலகைகள். ஒவ்வொரு பக்கமும் ஒரு போர். கிழக்கே தேவர்கள் அரக்கர்களை வெல்கிறார்கள். மேற்கே கிரேக்கர்கள் அமேசான் பெண்களை வெல்கிறார்கள். தெற்கே மனிதர்கள் பாதிக் குதிரையான சென்டார்களை வெல்கிறார்கள். வடக்கே டிராய் நகரம் வீழ்கிறது. அரக்கன், பெண், விலங்கு, அயலான். நாம் யார் என்று சொல்வதற்கு முன்னால், நாம் யார் இல்லை என்று நான்கு திசையிலும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

உள்ளே நின்ற அதீனா சிலையின் காலடியில் ஒரு பாம்பு இருந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அதை நேரில் பார்த்த பயணி பவுசானியஸ், அது எரிக்தோனியஸாக இருக்கலாம் என்று எழுதுகிறார். சிலையின் பீடத்தில் பண்டோராவின் பிறப்பு செதுக்கப்பட்டிருந்தது என்பதும் அவர் தரும் செய்தி. ஹெசியோட் என்ற கவிஞர் சொன்னபடி, ஆண்களுக்குத் தண்டனையாகத் தெய்வங்கள் செய்து அனுப்பிய முதல் பெண் பண்டோரா. பெண் குலம் முழுவதும் அவளிடமிருந்து வந்தது. ஆக, அந்த ஊர் ஆணின் மூலம் புனித மண். பெண்ணின் மூலம் தனியாகச் செய்யப்பட்ட ஒரு பொருள். பிரெஞ்சு அறிஞர் நிகோல் லோரோ 1981இல் வெளியிட்ட 'அதீனாவின் பிள்ளைகள்' என்ற நூலில் இதைத்தான் விரித்துப் பேசினார். மண்ணே தாயாகிவிட்டால் பெற்ற தாய்க்கு அங்கே என்ன இடம்? குடிமகனைப் பெற்றுத் தருவது பெண். ஆனால் குடிமக்களின் பிறப்புக் கதையில் அவள் இல்லை.

சட்டமாக இறங்கிய கதை

பார்த்தெனானுக்கு அடிக்கல் விழுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, கி.மு. 451இல், பெரிக்ளிஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார். தந்தை, தாய் இருவரும் ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். அதுவரை தந்தை குடிமகனாக இருந்தால் போதும். இந்தச் சட்டம் முன்பே இருந்திருந்தால் ஏதென்ஸின் பெரிய பெயர்கள் பல காணாமல் போயிருக்கும். ஜனநாயகத்துக்கு அடித்தளம் போட்ட கிளைஸ்தெனிஸின் தாய் சிக்கியோன் ஊர்க்காரி. பாரசீகரை வென்ற தளபதி கிமோனின் தாய் திரேஸ் நாட்டவர். சலாமிஸ் போரின் நாயகன் தெமிஸ்டோக்ளிஸின் தாயும் அயலூர்க்காரி.

கி.மு. 445 வாக்கில் எகிப்திலிருந்து தானியம் அன்பளிப்பாக வந்தது. குடிமக்களுக்கு மட்டும் பங்கு. உடனே யார் உண்மையான குடிமகன் என்ற விசாரணை கிளம்பியது. கிட்டத்தட்ட 5000 பேர் தகுதியற்றவர்கள் என்று நீக்கப்பட்டதாகவும் 14,040 பேர் தேறியதாகவும் புளூட்டார்க் எழுதுகிறார். அந்த எண்களை வரலாற்றாசிரியர்கள் அப்படியே ஏற்பதில்லை. ஆனாலும் நடந்தது என்ன என்பது தெளிவு. பங்கிட ஏதாவது வந்ததும் பிறப்புச் சான்று கேட்கப்பட்டது. புனிதக் கதைக்கும் தானிய மூட்டைக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

சட்டம் கொண்டுவந்தவரையே அது திருப்பி அடித்தது. பெரிக்ளிஸின் துணைவி அஸ்பாசியா மிலேட்டஸ் நகரத்துப் பெண். அவர்களுக்குப் பிறந்த மகன் சட்டப்படி குடிமகன் இல்லை. கொள்ளைநோயில் மற்ற இரண்டு மகன்களும் இறந்தபோது பெரிக்ளிஸ் சபையிடம் விலக்குக் கேட்டார். கிடைத்தது. அந்த மகன் பின்னாளில் தளபதியாகவும் ஆனான். பெரிய வீட்டுப் பிள்ளைக்குச் சட்டம் வளைந்தது.

சரி, பழைய கிரேக்கம் முழுவதும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று சிலர் சொல்லலாம். இல்லை. ஒலிம்பியாவில் இருந்த சியூஸ் கோயிலைப் பாருங்கள். பார்த்தெனானுக்குச் சற்று முன்னால் கட்டப்பட்டது. அதன் கிழக்கு முகப்பில் பெலோப்ஸ் தேர்ப் பந்தயத்துக்குத் தயாராக நிற்கிறான். பெலோப்ஸ் கடல் கடந்து ஆசியாவிலிருந்து வந்தவன். அந்த நிலப்பகுதிக்கே 'பெலோபொன்னீஸ்' என்று அவன் பெயர்தான். தீப்ஸ் நகரத்தை நிறுவிய காட்மஸ் பினீசியாவிலிருந்து வந்தவன். ஆர்கோஸின் அரசன் தனவோஸ் எகிப்திலிருந்து வந்தவன் என்றே அந்த ஊர்க் கதை சொன்னது. ஆர்கோஸ்காரர்கள் டெல்பியில் அவனுக்குச் சிலையும் வைத்தார்கள். தீப்ஸிலும் மண்ணில் முளைத்த கதை உண்டு. காட்மஸ் விதைத்த நாகத்தின் பற்களிலிருந்து ஆயுதத்தோடு எழுந்த வீரர்களில் மிஞ்சிய ஐந்து பேரின் வழி வந்தவர்கள் என்று அங்கே சில உயர்குடிகள் சொல்லிக்கொண்டன. ஆனால் விதைத்தவன் வந்தேறி என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

அயலிலிருந்து வந்த மூதாதையைக் கோயில் முகப்பில் நிறுத்தவும் ஒரு ஊரால் முடிந்திருக்கிறது. ஆகவே ஏதென்ஸின் கதை ஒரு தேர்வு. அதுவும் தன் சொந்த நினைவை அழித்துவிட்டுச் செய்த தேர்வு. ஏதென்ஸ்காரர்கள் ஆதியில் பெலாஸ்கியர், பிறகுதான் கிரேக்கராக மாறினார்கள் என்று எழுதியவர் ஹெரோடோட்டஸ். மற்ற ஊர்களில் போரில் தோற்றவர்கள் ஏதென்ஸில் தஞ்சம் புகுந்து குடிமக்களாகி ஊரைப் பெருக்கினார்கள் என்று எழுதியவர் துசிடிடிஸ். கிளைஸ்தெனிஸ் அயலாரையும் அடிமைகளாக இருந்தவர்களையும் குடிப்பட்டியலில் சேர்த்தார் என்று எழுதியவர் அரிஸ்டாட்டில். கலந்து வளர்ந்த ஊர், வளர்ந்த பிறகு ஏணியை மேலே இழுத்துக்கொண்டது.

எரெக்தியோனின் கூலிக் கணக்கு

இந்தக் கதைக்கென்றே அமைந்த கோயில் எரெக்தியோன். பார்த்தெனானுக்கு வடக்கே, கி.மு. 421 வாக்கில் தொடங்கி 406 வாக்கில் முடிந்தது. அதீனாவின் பழைய மரச்சிலை, போசைடனின் சூலம் குத்திய தடம், அதீனா தந்த ஒலிவ மரம், கெக்ரோப்ஸின் கல்லறை எல்லாம் அந்த வளாகத்தில்தான். ஆறு பெண் சிலைகள் கூரையைத் தலையில் தாங்கும் மண்டபமும் அங்கேதான். மண்ணின் மைந்தர் என்ற பெருமை முழுவதும் ஒரே கூரையின் கீழ்.

அதிர்ஷ்டவசமாக அந்தக் கோயிலின் கட்டுமானக் கணக்கும் கல்லில் வெட்டப்பட்டு, துண்டு துண்டாக நமக்குக் கிடைத்திருக்கிறது. கி.மு. 409 முதல் 407 வரையிலான கணக்கு. யார் என்ன வேலை செய்தார், எவ்வளவு கூலி என்று பெயர் பெயராக இருக்கிறது. களப்பணியில் பயனாளிப் பட்டியல்களோடு புழங்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது புராணத்தைவிடச் சுவையான வாசிப்பு. ஒரு பட்டியலில் மனிதரின் பெயரைவிட, பெயருக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் எப்போதும் பேசும்.

இந்தப் பட்டியலில் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். குடிமகன் என்றால் பெயரோடு அவன் பரம்பரை ஊர்ப்பிரிவு: 'இன்ன ஊரான்'. வெளியிலிருந்து வந்து குடியிருக்கும் மெட்டிக் என்றால்: 'இன்ன ஊரில் வசிப்பவர்'. அடிமை என்றால்: 'இன்னாருடையவன்'. ஊரான், வசிப்பவன், உடைமை. மூன்று சொற்களில் முழுச் சமூக அமைப்பும் அடங்கிவிட்டது. மெட்டிக்கின் பேரன் அங்கேயே பிறந்து அங்கேயே செத்தாலும் 'வசிப்பவன்'தான். அவன் ஆண்டுக்கு 12 டிராக்மா தலைவரி கட்ட வேண்டும். நிலம் வாங்க முடியாது. படையில் சேர வேண்டும், ஆனால் வாக்கு இல்லை.

சட்டநிலை தெரிந்த தொழிலாளர்கள் 86 பேர் என்று ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். அதில் குடிமக்கள் 24 பேர். மெட்டிக்குகள் 42 பேர். அடிமைகள் 20 பேர். மண்ணிலிருந்து பிறந்தவர்களின் பெருமைக்காகக் கட்டிய கோயிலில், நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமான கைகள் 'மண்ணில் பிறக்காதவர்களின்' கைகள்.

சிற்பங்களுக்கு உருவம் ஒன்றுக்கு 60 டிராக்மா. கருநிறக் கல்லின் மேல் வெண்பளிங்கு உருவங்களைப் பொருத்திய பட்டை அது. குதிரையையும் அதன் பின்னால் தெரியும் மனிதனையும் செதுக்கிய பிராக்சியாஸ், மெலிடேயில் 'வசிப்பவர்'. கிழக்கு முகப்புத் தூண்களில் வரிப்பள்ளம் வெட்டும் வேலை குழுக்களாக நடந்தது. ஒரு தூணில் லாவோசோஸ் என்ற அலோபெகே ஊரான் வேலை செய்கிறான். அவன் பக்கத்தில் பார்மெனோன், கரியோன் என்று 'லாவோசோஸுடையவர்கள்'. கரியோன் என்றால் காரியா நாட்டான். அவன் பெற்றோர் வைத்த பெயர் என்ன என்பது பட்டியலில் இல்லை. பிடித்துக்கொண்டு வந்த நாடே அவனுக்குப் பெயர்.

கூலியில் வேறுபாடு இல்லை என்பது இந்தக் கணக்கின் வியப்பு. நாள்கூலி ஒரு டிராக்மா, குடிமகனுக்கும் அடிமைக்கும். கட்டடக் கலைஞருக்கும் கணக்கு நாளுக்கு ஒரு டிராக்மாதான். இதைக் காட்டி, பார்த்தீர்களா சமத்துவம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அடிமையின் கூலி யார் பைக்குப் போனது என்று கேட்டால் அந்தச் சமத்துவம் நிற்காது. உளி பிடித்த கை ஒன்று, காசு வாங்கிய கை வேறு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அலோபெகேயில் 'வசிக்கும்' சிமியாஸ் என்ற மெட்டிக் கல்தச்சனும் தன் அடிமைகளோடுதான் வேலைக்கு வருகிறான். மேலே இருப்பவனால் ஒதுக்கப்பட்டவன் கீழே இருப்பவனை உடைமையாக வைத்திருக்கிறான். படிநிலைச் சமத்துவமின்மை எப்படித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இதே ஆண்டுகளில் ஊருக்கு வெளியே என்ன நடந்தது? கி.மு. 413இல் ஸ்பார்ட்டாப் படை அருகிலுள்ள டெகெலியாவில் முகாமிட்டதும், ஏதென்ஸிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் தப்பி ஓடினார்கள், அவர்களில் பெரும்பகுதி கைவினைஞர்கள் என்று துசிடிடிஸ் பதிவு செய்கிறார். அந்தப் புனித மண்ணைப் பற்றி அவர்களின் கருத்து என்ன என்பதைக் கால்களால் சொல்லிவிட்டார்கள்.

யார் வாயால் சொல்லப்பட்டது?

போரில் இறந்த வீரர்களை அடக்கம் செய்யும்போது ஆற்றும் உரைகளில்தான் இந்த மண்-பிறப்புப் பெருமை ஓங்கி ஒலித்தது. அப்படிப்பட்ட ஓர் உரை லிசியாஸ் பெயரில் கிடைத்திருக்கிறது. பல இடங்களிலிருந்து சேர்ந்த கும்பலல்ல நாங்கள், இந்த மண்ணே எங்களுக்குத் தாய் என்ற பொருளில் அது பேசுகிறது. லிசியாஸ் யார்? சிரக்யூசிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்த மெட்டிக். கி.மு. 404இல் முப்பது கொடுங்கோலர்கள் ஆட்சியில் அவர் சகோதரர் கொல்லப்பட்டார், சொத்து பறிக்கப்பட்டது. ஜனநாயகத்தை மீட்கப் பணமும் ஆயுதமும் கொடுத்தார். வென்றதும், உடன் போராடிய மெட்டிக்குகளுக்கும் மற்றவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கத் திராசிபுலஸ் முன்மொழிந்தார். நடைமுறை சரியில்லை என்று அது ரத்து செய்யப்பட்டது. கூடவே பெரிக்ளிஸின் பழைய சட்டமும் கி.மு. 403இல் புதுப்பிக்கப்பட்டது. போராட்டத்துக்கு வேண்டும், பட்டியலுக்கு வேண்டாம்.

பிளேட்டோ இந்தக் கேலிக்கூத்தை அறிந்தே இருந்தார். 'மெனெக்செனஸ்' என்ற உரையாடலில் இதே மாதிரி ஓர் உரையைச் சாக்ரடீஸ் ஒப்பிக்கிறார். பெலோப்ஸ், காட்மஸ் வழி வந்த மற்ற கிரேக்கரெல்லாம் கலப்பு, நாங்களே சுத்தம் என்று அது முழங்குகிறது. இதை யாரிடம் கற்றீர்கள்? அஸ்பாசியாவிடம் என்கிறார் சாக்ரடீஸ். இரத்தச் சுத்தத்தின் புகழை எழுதித் தந்தவர் ஓர் அயல்நாட்டுப் பெண்!

ஆனால் அதே பிளேட்டோ 'குடியரசு' நூலில் இந்தக் கதையைக் கையில் எடுத்து வேறொன்று செய்கிறார். குடிமக்கள் எல்லோரும் ஒரே மண்ணின் பிள்ளைகள், சகோதரர்கள். ஆனால் ஆள்பவர்களின் உள்ளத்தில் தங்கம் கலந்திருக்கிறது, காவலர்களிடம் வெள்ளி, உழவரிடமும் கைவினைஞரிடமும் இரும்பும் வெண்கலமும். இது பொய்தான், ஆனால் ஊர் ஒழுங்காக இருக்க உதவும் உன்னதப் பொய் என்கிறார். தங்கத்துக்கு இரும்பு பிறக்கலாம், இரும்புக்குத் தங்கம் பிறக்கலாம், அப்போது இடம் மாற்ற வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். அதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. இருந்தாலும் மனிதரை உலோகமாகத் தரம் பிரிக்கும் வேலை முடிந்துவிட்டது. அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் சதுர்வர்ணத்தைப் பிளேட்டோவின் இந்தப் பிரிவினையோடு வைத்து ஆராய்ந்து, எண்ணற்ற வேறுபாடுகள் கொண்ட தனிமனிதர்களை மூன்று நான்கு பெட்டிகளில் அடைப்பது அடிப்படையிலேயே பிழை என்று காட்டியது இங்கே நினைவுக்கு வர வேண்டும். பிறப்புக் கதைகள் இரண்டு வேலை செய்யும். வெளியே இருப்பவனை வெளியே நிறுத்தும். உள்ளே இருப்பவர்களை மேல் கீழாக அடுக்கும்.

யூரிபிடிஸின் 'அயோன்' நாடகத்தில் ஒரு காட்சி உண்டு. எரெக்தியஸின் மகள் கிரியூசாவின் பணிப்பெண்கள் டெல்பி கோயிலுக்கு வருகிறார்கள். அரசியின் உடைமையாக உள்ள பெண்கள். கோயில் முகப்புச் சிற்பங்களை ஒவ்வொன்றாகக் காட்டி வியக்கிறார்கள். அரக்கனை எதிர்த்து நிற்கும் அதீனாவைக் கண்டதும் 'என் தெய்வம்' என்று அடையாளம் கண்டு மகிழ்கிறார்கள். அந்தத் தெய்வத்தின் ஊரில் அவர்களுக்குக் குடியுரிமை கிடையாது. கோயில் கலையின் வலிமை அதுதான். யாரை ஒதுக்குகிறதோ அவர்களையும் அண்ணாந்து பார்க்க வைக்கும், 'என்னுடையது' என்று சொல்லவும் வைக்கும்.

ஆனால் எல்லோரும் வியந்துகொண்டு நிற்கவில்லை. அன்டிஸ்தெனிஸ் என்ற தத்துவவாதி சாக்ரடீஸின் மாணவர். தாய் திரேஸ் நாட்டவள் என்பதால் அவரைக் கலப்புப் பிறவி என்று ஏளனம் செய்தார்கள். மண்ணிலிருந்து பிறந்தோம் என்று பீற்றிக்கொண்ட ஏதென்ஸ்காரர்களைப் பார்த்து, அப்படியானால் நத்தைக்கும் வெட்டுக்கிளிக்கும் மேலான பிறப்பில்லை உங்களுடையது என்று அவர் சொன்னதாகத் தியோஜெனிஸ் லாயர்டியஸ் பதிவு செய்திருக்கிறார்.

இன்று எரெக்தியோனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வழிகாட்டிகள் எரிக்தோனியஸின் கதையைச் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளலாம், நல்ல கதைதான். அதோடு பிராக்சியாஸ், சிமியாஸ், பார்மெனோன், கரியோன் என்ற பெயர்களையும் சொல்லிப் பார்க்க வேண்டும். தெய்வம் கையில் வாங்கிய குழந்தை இருந்ததற்குச் சான்று இல்லை. இவர்கள் இருந்ததற்குச் சான்று இருக்கிறது: நாள், வேலை, கூலி எல்லாம் கணக்கிட்டு, கல்லில்.